பானை ஓட்டிலிருந்து எக்ஸ்ஆர்டி வரை: பிற துறைக் கருவிகளைத் தேடிப் போகும் பெங்களூர் ஆய்வு மாணவருக்கு ஒரு வழிகாட்டி

வரலாற்றுத் துறை மாணவன் கையில் பானை ஓடு இருக்கிறது. அதைச் சோதிக்கும் இயந்திரம் ஊரின் மறுகோடியில், வேறொரு துறையின் குளிரூட்டிய அறையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் என் கணக்கில் பதினோரு மாதம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மேற்பரப்பு ஆய்வில் எடுத்த 12 ஓடுகள் எந்த வெப்பத்தில் சுடப்பட்டவை என்று தெரிய வேண்டும். என் தேவை அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்திருந்தால் பத்து வாரத்தில் முடிந்திருக்கும். எனக்கு வழி சொல்ல ஆள் இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எல்லாம் அறிவியல் துறையில் இருந்தார்கள். நான் கேட்ட கேள்வி அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. இங்கே ஓடு என்று நான் எழுதும் இடத்தில் உங்கள் துணி இழையையோ, ஓலைச்சுவடியையோ, ஏரி வண்டலையோ வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1. கருவியின் பெயரை மறந்துவிட்டுக் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

கலைப்பிரிவிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எலெக்ட்ரான் நுண்ணோக்கியை. படம் அழகாக வரும், ஆய்வேட்டில் போட்டால் கனமாகத் தெரியும். நானும் அதைத்தான் கேட்டேன். நாற்பது படங்கள் வந்தன. நிலாவின் தரைபோல ஒவ்வொன்றும் அற்புதம். ஓடு எந்த வெப்பத்தில் சுடப்பட்டது என்று அவற்றைப் பார்த்து என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

ஒவ்வொரு கருவியும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நுண்ணோக்கியோடு இணைந்த எடாக்ஸ் என்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்லும். அவை எந்தக் கனிமமாகச் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லாது. அதைச் சொல்வது எக்ஸ்ஆர்டி எனப்படும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். களிமண்ணில் உள்ள கயோலினைட் சுமார் 550 டிகிரி செல்சியஸில் சிதைந்துவிடும். சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் 700-850 டிகிரியில் சிதையும். உயர்ந்த வெப்பத்தில் உருவாகும் முல்லைட் தென்பட்டால் சூளை 1,000 டிகிரியைத் தொட்டிருக்கும். எது இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்துச் சூளையின் வெப்பத்தை ஓர் எல்லைக்குள் அடக்கலாம். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் கால்சைட் மறுபடி வந்து படிந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தேர்வாளர் நிச்சயம் கேட்பார்.

மிகச் சிறு அளவிலுள்ள தனிமங்கள் வேண்டுமென்றால் எடாக்ஸ் உதவாது. சுமார் 0.1 சதவீதத்துக்குக் கீழே அது சொல்வதை நம்பக் கூடாது. அதற்கு ஐசிபி-எம்எஸ் என்னும் நிறை நிறமாலைக் கருவி இருக்கிறது. ஆனால் சாம்பிளை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள். பொருளை உடைக்கவே கூடாது என்றால் எக்ஸ் கதிரால் தனிமங்களை அறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் பொருந்தும். அதற்கும் ஒரு குறை உண்டு: மெக்னீசியத்தைவிட இலேசான தனிமங்களை அதனால் பார்க்க முடியாது.

2. பொருளை உடைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களையும், 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதிப்புமிக்க சுவடிகளையும் தொல்பொருளாகக் கருதுகிறது. ஓட்டைப் பொடியாக்கும் முன் உரிய தொல்லியல் துறையிடமோ, பொருளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடிதத்தில் எத்தனை கிராம் எடுக்கப்போகிறீர்கள், எந்தச் சோதனை, மீதியை என்ன செய்வீர்கள் என்ற மூன்றும் இருக்கட்டும். "ஆய்வுக்காக" என்று மட்டும் எழுதிய என் முதல் கடிதம் திரும்பி வந்தது. இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. இந்த வேலையை எல்லாவற்றுக்கும் முதலில் தொடங்கிவிடுங்கள்.

மனிதர்களிடமிருந்து எடுக்கும் எதுவாக இருந்தாலும், இரத்தமோ குரல்பதிவோ, உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். சாம்பிள் எடுத்த பிறகு வாங்கிய ஒப்புதல் ஒப்புதல் ஆகாது.

3. கருவி எங்கே இருக்கிறது

முதலில் உங்கள் கல்லூரியின் வேதியியல், இயற்பியல் துறைகளைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே அலைந்தவன் நான். என் கல்லூரியின் இரண்டாம் மாடியிலேயே ஒரு பழைய எக்ஸ்ஆர்டி இருந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் அறிந்தேன்.

அடுத்தது ஐ-ஸ்டெம் இணையதளம். நாட்டிலுள்ள அரசு நிதி பெற்ற ஆய்வுக் கருவிகளை ஒரே இடத்தில் பட்டியலிட்டு, வெளியார் ஸ்லாட் (கருவியைப் பயன்படுத்தும் நேரம்) கேட்க வழிசெய்யும் தளம் இது. 2020 ஜனவரியில் பெங்களூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் தொடங்கிவைக்கப்பட்டது. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் திட்டம். கணக்குத் தொடங்கி, கருவியின் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பெங்களூரில் இருப்பவருக்கு ஓர் அதிர்ஷ்டம்: இந்திய அறிவியல் கழகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரைச் சொல்ல வேண்டாம், "டாட்டா இன்ஸ்டிடியூட்" என்றால் போதும். அங்குள்ள நானோ அறிவியல் மையத்தின் பண்பறி ஆய்வகம் வெளி ஆய்வாளர்களின் சாம்பிள்களைக் கட்டணத்துக்கு ஏற்கிறது. நானோ மின்னணுவியலில் வேலைசெய்கிறவர்கள் அதே மையத்தில் ஐஎன்யுபி திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. முன்மொழிவு ஏற்கப்பட்டால் பயிற்சியும் கருவிப் பயன்பாடும் கிடைக்கும். பானை ஓட்டுக்கு அங்கே இடமில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உயிரியல்காரர்களுக்கு ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள சி-கேம்ப் உயிரியல் ஆய்வு மையம்: மரபணு வரிசைப்படுத்தல், நிறை நிறமாலை, நுண்ணோக்கிப் படமெடுத்தல் எல்லாம் ஒரே இடத்தில். பெரும் கணக்கீடு வேண்டுவோருக்கு இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட 3.3 பெட்டாஃபிளாப் வேகமுள்ள பரம் பிரவேகா மீக்கணினி இருக்கிறது. கரிமக் காலக்கணிப்பு என்றால் டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தை நாடுங்கள். சென்னை ஐஐடியிலும் மும்பை ஐஐடியிலும் சைஃப் எனப்படும் பொதுக் கருவி ஆய்வகங்கள் இருக்கின்றன; பெங்களூரில் வரிசை நீளமாக இருந்தால் சாம்பிளை அங்கே அனுப்புவது சில நேரம் விரைவாக முடியும்.

4. படிவத்துக்கு முன்னால் ஆபரேட்டர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். கருவியை இயக்குகிற தொழில்நுட்ப அலுவலரிடம், படிவம் நிரப்பும் முன் பத்து நிமிடம் பேசுங்கள். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பதில் வராமலே போகலாம். ஆபரேட்டர் காலை பத்து மணிக்கு அறையில் இருப்பார்.

ஓட்டில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் ஆய்வகத்துக்கு நான் வெறும் மின்னஞ்சலோடு போனேன். "செராமிக்" என்று எழுதியிருந்ததால் தொழிற்சாலைப் பீங்கான் என்று நினைத்திருக்கிறார்கள். மண் ஒட்டிய ஓடுகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இரண்டாவது ஆய்வகத்தில் துண்டை மேசையில் வைத்தேன். அங்கிருந்தவர் சேலத்துக்காரர். ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் இரும்பு நிறைய இருக்கும் போலிருக்கிறதே, எங்கள் கருவியில் செம்புக் குழாய், பின்னணி இரைச்சல் ஏறும்" என்றார். செம்புக் குழாயிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் இரும்பைத் தாக்கினால் இரும்பே ஒளிரத் தொடங்கி, வரைபடத்தில் கனிமங்களைக் காட்டும் சிறிய முகடுகளை மூழ்கடித்துவிடும். எத்தனை கையேடு படித்திருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது.

எல்லா ஆய்வகத்திலும் சேலத்துக்காரர் கிடைக்கமாட்டார். கொஞ்சம் கன்னடம் பேசினால் வாயிற்காவலர் முதல் பில் போடுகிறவர் வரை முகம் மலரும். நான்கு வாக்கியம் கற்றுக்கொள்ளுங்கள்.

5. பணம்

கட்டணத்துக்குப் பொதுவாக மூன்று அடுக்கு உண்டு: உள்ளிருப்போர், பிற கல்வி நிறுவனத்தார், தொழில்துறையினர். கல்லூரி முகவரித்தாளில் நெறியாளர் கையொப்பமிட்ட கடிதம் இல்லையென்றால் உங்களை மூன்றாம் அடுக்கில் போட்டுவிடுவார்கள். வேறுபாடு சில மடங்கு இருக்கலாம்.

விலைப்பட்டியலில் காணும் தொகையோடு பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகச் சேரும். ஒரு சாம்பிளுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சாம்பிளுக்கு 12,000, வரி 2,160, ஆக 14,160. யுஜிசியின் ஜேஆர்எஃப் உதவித்தொகை பெறும் கலை, சமூக அறிவியல் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் எதிர்பாராச் செலவு நிதி ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். அதன் பிறகே 20,500 ஆகும். அந்தப் பத்தாயிரத்தில் புத்தகமும் வாங்க வேண்டும், கிராமத்துக்குப் பஸ்ஸும் ஏற வேண்டும். அதனால் எல்லா ஓடுகளையும் ஒரே முறையில் கொடுக்காதீர்கள். மூன்றைக் கொடுங்கள், முடிவைப் பாருங்கள், முறை சரியென்று தெரிந்தபின் மீதி ஒன்பது.

இப்போது பில். பணம் கட்டும் முன் உங்கள் கல்லூரிக் கணக்குப் பிரிவிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பில் யார் பெயரில் இருக்க வேண்டும்? முன் ஒப்புதல் வேண்டுமா? நான் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறலாமா? நான் கேட்கவில்லை. அவசரத்தில் என் பெயரிலேயே கட்டினேன். பில் நிறுவனத்தின் பெயரில் இல்லை, முன் ஒப்புதல் எண் இல்லை என்று கோப்பு நான்கு மாதம் மேசை மேசையாகப் போனது. ஆய்வகத்திடம் முதலில் புரொபார்மா இன்வாய்ஸ் (பணம் கட்டுமுன் தரும் மாதிரி பில்) வாங்கி, அதன் மேல் கல்லூரியில் ஒப்புதல் வாங்கி, பிறகு கட்டுவதுதான் சரியான வரிசை.

6. ஒரு கோப்பில் போட்டு வைக்க வேண்டியவை

நெறியாளர் கடிதம், கல்லூரி அடையாள அட்டையின் நகல், பொருளை உடைக்க அனுமதிக் கடிதம், சாம்பிள் பட்டியல், புரொபார்மா இன்வாய்ஸ், கட்டிய ரசீது. சாம்பிளில் நச்சு, கதிரியக்கம், காந்தத்தன்மை இல்லை என்ற உறுதிமொழியையும் பல இடங்களில் கேட்பார்கள். காந்தத்தை மறைக்காதீர்கள், இரும்புக் கசடு போன்றவற்றின் தூள் நுண்ணோக்கியின் உள்ளே ஒட்டிக்கொண்டால் கருவியே கெடும். எல்லாவற்றிலும் மூன்று நகல்.

7. சாம்பிள் தயாரிப்பு

பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். விழுந்த விவரங்களை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை ஓட்டை வீட்டு மிக்ஸியில் அரைத்தேன். சுட்ட ஓடு எஃகுக் கத்தியைத் தேய்த்துவிடும். தூளில் இரும்பும் குரோமியமும் கலந்தன. சமையலறையில் எனக்குக் கிடைத்த வசவு தனி. இரண்டாம் முறை கருங்கல் உரலில் இடித்தேன். ஓடு எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு உரலும் தேய்ந்தது. கருங்கல்லில் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் உண்டு. என் ஓட்டிலும் உண்டு. எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க வழியே இல்லாமல் அந்த மூன்று முடிவுகளைத் தூக்கி எறிந்தேன்.

வேண்டியது அகேட் கல்வம். சித்த மருந்து அரைக்கும் கல்வம் போன்ற வடிவம், ஆனால் அகேட் கல்லில் செய்தது. வேதியியல் துறையில் கட்டாயம் இருக்கும், இரவல் கேளுங்கள். ஓட்டின் வெளிப்புறத்தை முதலில் சுரண்டி நீக்குங்கள். மண் கறையும் ஆய்வக மை எழுத்தும் அதில்தான் இருக்கும். இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் முகப்பவுடர்போல் வழுக்கும்வரை அரைக்க வேண்டும். நறநறத்தால் போதவில்லை. ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவே கல்வத்தை ஆல்கஹாலால் துடையுங்கள்.

அளவு: எக்ஸ்ஆர்டிக்கு ஒரு கிராம் தாராளம். இரண்டு கிராம் அரைத்துப் பாதியை வீட்டில் வையுங்கள். இது பேரம் பேசக் கூடாத விதி.

நுண்ணோக்கிக்கு என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் துண்டு, நன்றாக உலர்ந்தது. ஓடு நுண்துளை நிறைந்த பொருள். நுண்ணோக்கி வெற்றிடத்தில்தான் இயங்கும், ஈரம் இருந்தால் வெற்றிடம் ஏறவே ஏறாது. மழைக்காலத்தில் கழுவி, மறுநாள் பையில் போட்டுக் கொண்டுபோன என் ஓடுகளுக்காகப் பம்ப் நாற்பது நிமிடம் ஓடியது. பிறகு வெளியே எடுத்துவிட்டார்கள். ஸ்லாட் கட்டணம் திரும்பவில்லை. கழுவிய ஓட்டை 105 டிகிரி உலர்த்தும் அடுப்பில் ஒரு முழு இரவு வையுங்கள்.

இன்னொன்று, மேற்பூச்சு. மின்கடத்தாப் பொருள் என்பதால் நுண்ணோக்கியில் வைக்கும் முன் மெல்லிய உலோகப் பூச்சு பூசுவார்கள், வழக்கமாகத் தங்கம். பானைக்குள் உணவோ எலும்போ சமைத்ததற்கான பாஸ்பரஸைத் தேடுகிறீர்கள் என்றால் தங்கம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எடாக்ஸில் தங்கத்தின் முகடு பாஸ்பரஸின் முகட்டுக்கு ஒட்டியே வரும். சின்ன முகடு பெரியதின் நிழலில் மறையும். கார்பன் பூச்சு கேளுங்கள். கார்பன் பூசினால் முடிவில் வரும் கார்பன் அளவைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அது ஓட்டினுடையது அன்று.

பெயரிடல் பற்றி ஓர் அனுபவம். "கீழ்வயல்" என்ற இடத்தை நினைவூட்ட என் சாம்பிள்களுக்கு கேவி-5, கேவி-10, கேவி-15 என்று பெயர் வைத்தேன். ஆய்வகத்தில் கேவி என்றால் கிலோவோல்ட். கோப்புகளில் எது சாம்பிளின் எண், எது மின்னழுத்தம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

8. ஸ்லாட் நாளன்று

அனுமதித்தால் பக்கத்தில் உட்காருங்கள். எக்ஸ்ஆர்டியில் கோண வரம்பைப் பெரும்பாலும் 10 முதல் 80 டிகிரி என்று வைத்திருப்பார்கள். உலோகக்காரர்களுக்கு அது போதும். களிமண்காரருக்குப் போதாது. களிமண் கனிமமான இல்லைட்டின் முக்கிய முகடு செம்புக் கதிரில் 8.8 டிகிரியில் வரும். 10இல் தொடங்கினால் அது அறைக்கு வெளியே நின்றுவிடும். "5 டிகிரியிலிருந்து தொடங்குங்கள்" என்று படிவத்திலேயே எழுதுங்கள். இதற்காக மட்டும் நான் மூன்று சாம்பிளுக்கு இரண்டாம் முறை பணம் கட்டினேன்.

எடாக்ஸில் ஒரே புள்ளியைத் தொட்டுவிட்டு எண் தருவார்கள். அந்தப் புள்ளி ஒரு மணற்துகளாக இருக்கலாம். குறைந்த உருப்பெருக்கத்தில் ஐந்து வெவ்வேறு பரப்புகளைக் கேளுங்கள், சராசரியை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

9. காலக் கணக்கு

என் இரண்டாம் சுற்றில், தவறெல்லாம் தீர்ந்த பிறகு ஆன காலம் இது: ஆபரேட்டரைச் சந்தித்துப் படிவம் கொடுக்க ஒரு வாரம், ஒப்புதலும் பணமும் மூன்று வாரம், ஸ்லாட்டுக்குக் காத்திருப்பு நான்கு வாரம், முடிவு கையில் வர ஒரு வாரம். சாம்பிள் தயாரிப்பைக் காத்திருக்கும் நாள்களில் முடித்துவிடலாம். மார்ச்சில் எதையும் தொடங்காதீர்கள். நிதியாண்டு முடிவில் கணக்குப் பிரிவு புதிய கோப்பைத் தொடாது. தசரா வாரத்தையும் விட்டுவிடுங்கள். 2022 யுஜிசி விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு வழக்கமான உச்சவரம்பு ஆறு ஆண்டுகள். கருவி வேலையை மூன்றாம் ஆண்டுக்குள் முடிக்காதவர்கள் கடைசியில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

10. செயற்கை நுண்ணறிவிடம் முகடுகளைக் காட்டினால்

காட்டினேன். கோணங்களின் பட்டியலைக் கொடுத்து எந்தக் கனிமம் என்று கேட்டேன். மிக நயமாக, கனிமத் தரவுத்தளத்தின் ஒப்பீட்டு அட்டை எண்ணோடு ஒரு கனிமத்தின் பெயரைச் சொன்னது. அந்த எண்ணில் அப்படி ஓர் அட்டையே இல்லை. முகடுகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் மென்பொருள் ஆய்வகத்திலேயே இருக்கும், ஒரு மாலை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உரையாடல் இயந்திரத்திடம் "இந்த வரைபட அச்சுகளைத் திருத்து" போன்ற வேலைகளைக் கொடுக்கலாம். நான் இன்றும் கொடுக்கிறேன்.

நேர்காணல் செய்கிறவர்களுக்கு: குரலை எழுத்தாக்கும் கருவிகள் செய்தித் தமிழை நன்றாகவே பிடிக்கின்றன. அல்சூர்ப் பெரியவர் ஒருவர் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசினால் தடுமாறிவிடும். பதிவை வெளி நிறுவனத்தின் சேவையில் ஏற்றுவதற்கும் சேர்த்து ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி வாங்குங்கள். யுஜிசியின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள்; கருவி எழுதிய பத்தியை வைத்துக்கொண்டு அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்று எண்ணுகிறவர்கள், வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வியைத் தாங்குவார்களா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

11. வாங்கிக்கொண்டு கிளம்பும்போது

அச்சிட்ட வரைபடம் போதாது. கருவியின் மூலக் கோப்பு, அதோடு கோணமும் செறிவும் இரண்டு நெடுவரிசையில் உள்ள எளிய எழுத்துக் கோப்பு, இரண்டையும் கேளுங்கள். மூலக் கோப்பைத் திறக்கும் மென்பொருள் உங்களிடம் இருக்காது. நுண்ணோக்கிப் படங்களை அளவுகோலுடன் டிஃப் (TIFF) வடிவத்தில் வாங்குங்கள். திரையைக் கைப்பேசியில் படமெடுத்து ஆய்வேட்டில் ஒட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன். பல ஆய்வகங்கள் வைரஸுக்குப் பயந்து பென்டிரைவை விடுவதில்லை. எந்த வழியில் தருவார்கள் என்று முந்தின நாளே கேளுங்கள். கருவியின் மாதிரி, குழாய், மின்னழுத்தம், கோணப்படி, நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி ஆபரேட்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். அவர்கள் கணினியில் தரவு காலவரையின்றி இருக்காது, இடம் நிறைந்ததும் அழித்துவிடுவார்கள்.

நன்றியுரையில் ஆய்வகத்தின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதைப் படிவத்தின் பின்பக்கம் பாருங்கள். மீதித் தூளை எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் பெரும்பாலும் அங்கேதான் சிறிய எழுத்தில் இருக்கும். நான் மூன்று வாரம் கழித்துப் போனபோது ஏழாம் எண் ஓட்டின் தூள் குப்பைக்குப் போயிருந்தது. வீட்டில் வைத்திருந்த மறுபாதியிலிருந்துதான் அதைத் திரும்பச் சோதித்தேன்.